தலைகீழாகப் பிடித்த துணி

நகர பேண்டு குழுவில் பெரிய டிரம் அடித்தவன் நான். பாட்டு நன்றாக அமைந்தால் டிரம்பெட்காரருக்குக் கைதட்டல். சொதப்பினால் எனக்குத் திட்டு. என் தொப்பை எங்கே முடிகிறது, டிரம் எங்கே தொடங்குகிறது என்பதில் என் மனைவிக்கே சந்தேகம்.

அவள் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். அந்த வார்டை மூட உத்தரவு வந்தது. நர்சுகள் வாசலில் நின்று தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டும் ஒரு கேமரா எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாரம்தான் கால்பந்து இறுதிப் போட்டி. சுகாதார அமைச்சர் மைதானத்துக்குள் வரும்போது வாசிக்கப்போவது எங்கள் குழு. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த புரட்சிக்காரன் கொட்டாவி விட்டபடி எழுந்தான்.

“ஊரே டிவி பாக்கும். அங்க வச்சுக் கேட்டுடறேன்.”

“கடைக்காரர்கிட்ட மிச்சம் கேக்கவே உங்களுக்கு வாய் வராதேங்க!”

ஆனாலும் ஒரு சிவப்புப் படுக்கை விரிப்பில் ‘பிரசவ வார்டை மூடாதே’ என்று அவளே எழுதித் தந்தாள்.

அமைச்சர் நுழைந்தார். அடிப்பதை நிறுத்தி, சட்டைக்குள் இருந்து துணியை உருவி விரித்தேன். தாளம் நின்றதும் மற்ற வாத்தியங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. எங்கள் ஊர் அணியின் நிறமும் சிவப்பு. யாரோ தீவிர ரசிகன் என்று நினைத்துக் கூட்டம் ஆர்ப்பரித்தது. அமைச்சர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் புல்லரித்துப்போய்த் தலையாட்டினேன்.

“யோவ், என்னய்யா பண்றே?” என்று பல்லைக் கடித்தார் பேண்டு மாஸ்டர்.

“போராட்டம் சார்.”

“தலைகீழா பிடிச்சிருக்கியே!”

குனிந்து பார்த்தேன். ஆமாம். திருப்புவதற்குள் காவலர்கள் என்னை டிரம்மோடு தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு குறுகல் என்பதால் பக்கவாட்டில்தான் வெளியேற முடிந்தது.

வேலை போயிற்று. முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தவனிடம் மறுநாள் மனைவி மைதான வீடியோ ஓடும் போனை நீட்டினாள்.

“எந்திரிங்க. ஊரே உங்களைத்தான் பாக்குது.”

துணியை நேராகப் பிடித்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தலைகீழாக இருந்ததால், என்னதான் எழுதியிருக்கிறது என்று எல்லாரும் போனைத் திருப்பித் திருப்பிப் படித்திருக்கிறார்கள். மருத்துவமனை வாசலில் கேமராக்கள் குவிந்தன. ‘இந்தக் கோரிக்கைக்கா கையசைத்தீர்கள்?’ என்று நிருபர்கள் மடக்கியதும் அமைச்சரால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. உத்தரவை நிறுத்தி வைத்தார். ரத்து செய்யவில்லை, நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்.

என்னைக் குழுவில் மறுபடி சேர்க்கவில்லை. இப்போது வீட்டில் சமையல் என் பொறுப்பு. மதியம் வார்டு நர்சுகளுக்கும் சேர்த்து எடுத்துப் போகிறேன். சாப்பிட்டுவிட்டு இதுவரை யாரும் கோஷம் போடவில்லை.