போனில் வாங்கிய சட்டை

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு நான் வேலைக்குப் போய்வந்த நாட்களில், விடியற்காலை பஸ்ஸில் ஒரு நர்ஸ் என் பக்கத்தில் உட்காருவார். மெலிந்த உடம்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம். உட்கார்ந்ததும் போனில் பிள்ளைகளின் துணிகளைத் தேட ஆரம்பிப்பார். பிடித்ததையெல்லாம் சேர்த்து வைத்து, இறங்குவதற்குள் பாதியை நீக்கிவிடுவார். கணவர் துபாயில். பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொண்டார். கடைக்குப் போக இவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வாய்க்கவில்லை.

தீபாவளி நெருங்கிய ஒருநாள், மகனுக்கு வாங்கிய சட்டையைத் திருப்பி அனுப்பப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

"பிடிக்கலையாங்க?" என்றேன்.

"சின்னதாப் போச்சுங்க. இது ரெண்டாவது சட்டை."

"அளவு பார்த்து வாங்கலாம்ல?"

போனை மடியில் வைத்தார். "நான் கெளம்பும்போதும் தூங்குறான், வரும்போதும் தூங்குறான். படுத்திருக்க பிள்ள எவ்வளவு ஒசந்திருக்கான்னு தெரியலைங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே விடிவதைப் பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு லீவு சொன்னார். "பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பார்த்துடுறேங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார்.

மறுநாள் வந்ததும் போனை எடுக்கவில்லை.

"நிக்க வச்சுப் பார்த்தேங்க. என் நெஞ்சு வரைக்கும் வந்துட்டான்" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் சிரித்தாரா, அழுகையை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.