மூத்த மகனின் பட்டம்

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நிலையத்தில் ரயில் தாமதம். எனக்கோ போகிற அவசரம்; பக்கத்தில் நிற்கும் அந்தோனி அண்ணைக்கு ரயில் வரவே கூடாது. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், இங்கே முதியோர் இல்லத்தில் வேலை. அவர் பராமரித்த ஆங்கிலேயக் கிழவர் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். அது தெரியாமல் லண்டனிலிருந்து வருகிறார் கிழவரின் மூத்த மகன் எட்வர்ட்; அவரை அழைத்துப்போக அண்ணை வந்திருக்கிறார்.

“நான் ‘சேர் ஹென்றி’ எண்டுதான் கூப்பிடுவன். அந்தச் ‘சேர்’ பரம்பரைப் பட்டம், தான் கண்ணை மூடினாத்தான் மூத்தவனுக்கு எண்டு சொல்லிச் சிரிப்பார். இப்ப அந்தப் பிள்ளைக்கு என்னெண்டு சொல்லுறது, தம்பி?”

“நேரே சொல்லுங்கோ, அண்ணை.”

“ஏலாது.”

தொப்பியைக் கழற்றுகிறார், போடுகிறார், மறுபடி கழற்றுகிறார்.

ரயில் வருகிறது. பூங்கொத்துடன் இறங்கும் உயரமான மனிதர், இல்லத்துச் சீருடையைக் கண்டு சிரித்தபடி கை நீட்டுகிறார். அண்ணை அதை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஆறுதல் வார்த்தை வாயில் வரவில்லை. பழகிய மரியாதைதான் வருகிறது.

“வெல்கம், சேர் எட்வர்ட்.”

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. பூங்கொத்து மெல்லத் தாழ்கிறது.

நான் போக வேண்டிய ரயிலும் அதுதான். கதவு மூடுகிறது. நான் ஏறவில்லை.