தலையில் ஒயர் ஒட்டிய நாள்

வாதம் வந்து என் வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படிக்கும் அக்கா மகன் கரமனையில் என் வீட்டுக்கு வந்து, "சித்தி, தலையில ஒயர் வெச்சா கை சரியாயிடும், வாங்கோ" என்று கூட்டிப்போனான்.

பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். இடது கையை மடக்கியதும் திரையில் குதித்த மூளை அலைகள் சிறுத்தன. அங்கிருந்த மலையாளப் பெண், "இனி வலது கை. அசையலேன்னாலும் சாரமில்ல அம்மா, மடக்கறதா நினைச்சா மதி, அது போதும்" என்றாள். நினைத்தேன். கை அசையவில்லை, ஆனால் அலைகள் சிறுத்தன! அழுதுவிட்டேன்.

"எப்போ கை வரும்?"

"இது சிகிச்சை இல்லல்லோ அம்மா. சாரோட ஆராய்ச்சிக்காக்கும். சொல்லலியா?" என்று அக்கா மகனைக் காட்டினாள்.

அவன் திரும்பியே பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கென்று சொல்லி அவன் கேட்டிருந்தால் சும்மாவே வந்து உட்கார்ந்திருப்பேன்.

பேசவே கூச்சப்படுகிறவள் நான். இப்போது யார் ஊசி எடுத்தாலும், "இது என் வியாதிக்கா, உங்க படிப்புக்கா?" என்று கேட்ட பிறகுதான் கையை நீட்டுகிறேன்.