சைக்கிள் ஓட்டிய நண்டு

பக்கத்து வீட்டுக் கேற்றுக்குப் பூசும் பெயின்ற் மணம் இன்று யன்னலால் வந்ததும், சுனாமியாய்க் கடல் வந்து போனபிறகு தேற்றாத்தீவில் நாங்கள் இருந்த தகரக் கொட்டில் முகாம் கண்ணுக்குள் எழும்பி நின்றது. இப்போது அங்கே தென்னந்தோட்டம். குடும்பத்துக்கொரு நீல வாளி தந்திருந்தார்கள், எல்லாம் ஒரே அச்சு, தண்ணீர் பவுசர் லொறி வந்தால் வாளி மாறும், சண்டை மூளும், அம்மா இரண்டுமுறை அடுத்தவரின் ஓட்டை வாளியோடு திரும்பினாள். தோணிகளுக்கு வர்ணம் பூசிய புஸ்பம் அக்காவிடம், எந்தத் தாய்வழிக் குடி என்று காட்ட மாட்டுக்குச் சுடும் குடிக்குறியையே வாளியிலும் போடச் சொன்னார்கள் முகாமின் பெரியவர்கள். முகாமில் பாதிப்பேர் ஒரே குடி என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. வாளிகளில் ஒரே குறி, மறுநாளும் சண்டை.

"மாட்டுக்குறி மாட்டுக்கு! இனி என்ட எண்ணத்துக்குத்தான் கீறுவன்!" அக்கா தூரிகையோடு சன்னதம் ஆடினாள். குடைபிடித்த திருக்கை, மீசை முறுக்கிய பூசணி, சிவப்பு, மஞ்சள், சிவப்பு! எங்கள் வாளியில் சைக்கிள் ஓட்டும் நண்டு.

"இதென்னகா, எட்டுக் காலாலயும் மிதிக்குது?" என்றாள் அம்மா.

"அப்பதான் மச்சாள், முன்னுக்குப் போய்ச் சேருவீங்க."

அடுத்த பவுசருக்கு யாரோ ஒருத்தி எங்கள் வாளியில் கை வைத்தாள். "நண்டு அவடது!" என்று வரிசையே கத்தியது. அவள் கையை எடுத்தாள். அம்மா நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். தளும்பி என் காலை நனைத்த தண்ணீர்கூட எங்களுடையது.