சாந்தாமணியின் கடைசிப் பத்தி

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஒரு விளம்பரம் கடைசி நேரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் கட்டுரையின் கடைசி ஆறு வரிகள் காலி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்.

“ஏனுங்க, அந்த மனுசன் பஸ்ஸைப் புடிச்சாருங்களா, இல்லீங்களா? ரெண்டு நாளா அதே ரோசனையா இருக்குதுங்க.”

பிடித்துவிட்டார் என்று சமாதானம் சொன்னேன். எடிட்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எப்படி வரும்? நானே வெட்டிப் பழகியவன்தானே…

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இதழியல் படித்தேன். வகுப்பில் பதினோரு பேர். துறைக்கு ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஏசி அறை, எங்களுக்கு ஓடாத ஃபேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் பயிற்சிப் பத்திரிகை கொண்டுவருவோம். செய்திகளை நீளப் பட்டைகளாகப் பிரிண்ட் எடுத்து, பிளேடால் நறுக்கி, பசை தடவிப் பெரிய தாளில் ஒட்ட வேண்டும். பிளேடு என் கையில்.

எங்கள் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டே விஷயங்கள். செய்தியில் ‘நான்’ வரக் கூடாது. எழுதுகிறவர் ‘இந்த நிருபர்’ மட்டுமே. அப்புறம், முக்கியமானது முதலில், அற்பமானது கடைசியில். அப்போதுதான் இடம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டலாம் – படித்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

நான் நல்ல மாணவன். படித்துப் பார்த்ததே இல்லை.

பசை தடவித் தருவது சாந்தாமணி. வெள்ளகோவில் பக்கம் தோட்டத்து வீடு, இங்கே ஹாஸ்டல். பேனாவை மூடாமலே பேசுவாள், விரலெல்லாம் மை. வகுப்பில் என்னைவிட நன்றாக எழுதியவள் அவள் ஒருத்திதான். மதுக்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் நான் ஓடி வந்ததற்குக் காரணம் இதழியல் இல்லை. இப்போது சொன்னால் என்ன… எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

“எங்கப்பனுக்கு நாம வாயில சொன்னா ஏறாதுங்க,” என்பாள். “பேப்பர்ல வந்தா வேதமுங்க. டெண்டர் விளம்பரங்கூட உட மாட்டாரு. நம்ம நாலு பக்கத்தை ஊருக்குக் கொண்டுட்டுப் போனாலும் அப்படித்தானுங்க.”

முதல் வருடக் கடைசியில் அவள் ஒரு கட்டுரை எழுதினாள். பாதியில் படிப்பை நிறுத்திவிட்டுப் போகும் மாணவிகளைப் பற்றி. ஹாஸ்டலில் அறை அறையாகப் போய்க் கேட்டு எழுதியது. பக்கம் ஒட்டும் அன்று அவள் ஊருக்குப் போயிருந்தாள். எல்லாம் ஒட்டி முடித்த நேரத்தில், துணைவேந்தர் மரக்கன்று நடும் போட்டோ வந்தது. போடாமல் இருக்க முடியுமா? அவள் கட்டுரையின் கடைசிப் பத்தியை நறுக்கி எறிந்தேன்.

திங்கட்கிழமை பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள்.

“கடைசில ஒரு பத்தி இருந்துச்சுங்களே?”

“எடம் பத்தலைங்க. துணைவேந்தர் போட்டோ வந்துருச்சு.”

“பரவால்லீங்க,” என்றாள். “எடம் பத்தலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க.”

கொங்கு நாட்டுக்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் காலை மிதித்தாலும் ‘பரவால்லீங்க’தான், தலையில் கல்லைப் போட்டாலும் அதேதான்.

லீவு முடிந்து அவள் வரவில்லை. இன்டர்னல் மார்க்குக்காக எல்லோருடைய கையெழுத்துப் பிரதிகளையும் எடுத்து வைக்கச் சொன்னார் பேராசிரியர். கம்பியில் குத்தி வைத்திருந்த கட்டிலிருந்து அவளுடையதை உருவினேன். கடைசிப் பத்தியை அப்போதுதான் படித்தேன். கம்ப்யூட்டர் அறை வாசலில், ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்டாமல் வெகுநேரம் நின்றேன்.

அந்தச் சனிக்கிழமையே வெள்ளகோவிலுக்கு பஸ் ஏறினேன். வழியில் காங்கேயத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். அவள் அப்பாவிடம் போய் என்ன சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது? அடுத்த மாதம் கல்யாணம் முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது.

அச்சில் வந்திருந்தால் அவர் மனம் மாறியிருப்பாரா? மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் படித்திருப்பார்… நிச்சயம் படித்திருப்பார். இத்தனை வருடம் கழித்தும் பசை வாசனை வந்தால் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாளோ என்று திரும்பிப் பார்க்கிறேன். அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. ஒரே ஒரு தடவை.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்த வாரம் எடிட்டரிடம் சொல்லிவிட்டேன் – விளம்பரம் வந்தால் மேலேயிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், கடைசிப் பத்தியைத் தொடாதீர்கள். அது என்னுடையது இல்லை:

“இந்தப் பட்டியலில் அடுத்த பெயர் இந்த நிருபருடையதாக இருக்கலாம். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் படிக்க வேண்டும் என்று தந்தையிடம் நேரில் சொல்ல இந்த நிருபருக்குத் தைரியம் இல்லை. அவர் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர். இந்த வரியையும் படிப்பார்.”