இதுவும் கோட் சூட்தான்

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் இருபத்தாறு வருடமாக அவர் லிஃப்ட் ஓட்டுகிறார். "பொத்தானை அமுக்கறதுக்குப் பேரு ஓட்டறதா?" என்று அவர் மனைவி கேட்பாள். முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஏறுகிறவர்களிடம் "எந்த மாடி?" என்று கேட்பார். அவர்கள் சொன்ன மாடியில் கொண்டுபோய் விடுவார். நீங்கள் எங்கே போக வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திண்டாடிப் போயிருப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். முடிவெட்டுகிறவர் "எப்படி வெட்டட்டும்?" என்று கேட்டால், "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்பார். அதனால் மாதத்துக்கு ஒரு முகத்தோடு திரும்பி வருவார். அவருக்குப் பெண் பார்த்தது அம்மா, வீடு பார்த்தது மைத்துனர், மகனுக்குப் பெயர் வைத்தது பக்கத்து வீட்டுக்காரர். வாயில்லாப் பூச்சி, தங்கமான மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அந்தப் பூச்சியோடு குடித்தனம் நடத்தியவர்கள் இல்லை.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் மகன் ஒரு உதவி கேட்டான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. மாப்பிள்ளைக்குத் துணி எடுக்க மறுநாள் சாயங்காலம் பெண் வீட்டார் கடைக்கு வருவதாக ஏற்பாடு. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, நாளைக்கு நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். டக்சீடோ வேணாம், சூட் போதும்னு."

"அது ரெண்டும் வேற வேறயா?"

"வேறப்பா. சூட்டுன்னா ஆபீசர்ங்க போடறது, நீளமா டை கட்டுவாங்க. டக்சீடோன்னா கறுப்பு. காலர் பளபளன்னு இருக்கும். கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி சின்னதா போ டை."

"நல்லாத்தானே இருக்கும்?"

மகன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏழு வருஷம் அதைத்தான்பா கழுத்துல மாட்டிக்கிட்டு ட்ரே தூக்கினேன். கறுப்புக் கோட்டு, போ டை. எத்தனை பேர் கல்யாணத்துல தண்ணி குடுத்திருப்பேன்! என் கல்யாணத்துலயும் அதையே மாட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அவன் ஹோட்டலில் சர்வராக இருந்து சூப்பர்வைசராகி ஒரு வருடம்தான் ஆகிறது. பெண் வீட்டுக்குத் தெரிந்ததும் அந்த ஒரு வருடம்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

"நீயே சொல்லேன்டா."

"நான் சொன்னா ஏன்னு கேப்பாங்க. பெரியவங்க நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, கடையையே ரெண்டாக்கிடுவாங்க."

முப்பது வயதில் மகன் அவரிடம் முதல்முதலாகக் கேட்ட காரியம். அவருக்குப் பெருமையாக இருந்தது. பெருமையைவிடப் பயம் ஒரு படி அதிகம். மறுநாள் முழுக்க, லிஃப்டில் ஆள் இல்லாதபோதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "கோட் சூட் போதும் சம்பந்தி." கீழே இறங்கும்போது ஒருமுறை, மேலே ஏறும்போது ஒருமுறை. ஐந்தாவது மாடி அம்மாளிடம் "எந்த மாடி?" என்பதற்குப் பதிலாக "கோட் சூட் போதும்" என்றே சொல்லிவிட்டார். அந்த அம்மாள் மாடிப்படியில் ஏறிப் போய்விட்டாள்.

கடையில் ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு பொம்மைகள் நின்றன. ஒன்றுக்குச் சாம்பல் நிறச் சூட், இன்னொன்றுக்கு டக்சீடோ. சம்பந்தி அச்சகம் வைத்திருப்பவர். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அவருக்கு. நல்ல மனசுக்காரர். கெட்டவராக இருந்திருந்தால்கூட எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

"டக்சீடோ போட்டாத்தான்பா மாப்பிள்ளைக் களை வரும்" என்றாள் பெண்.

"சரியாச் சொன்னே. சூட்டு யார் வேணா போடலாம்" என்றார் சம்பந்தி. உடனே மரியாதை ஞாபகம் வந்து இவர் பக்கம் திரும்பினார். "ஆனா முடிவு சம்பந்தியோடதுதான். சொல்லுங்க, எது?"

கடையே இவரைப் பார்த்தது. மகன் பார்த்தான். அந்தக் கண்ணை அவரால் தாங்க முடியவில்லை. ஆனாலும் சொன்னார். வாழ்நாளில் முதல் தடவையாக நாலு பேர் நடுவில் தன் கருத்தைச் சொன்னார்.

"கோட் சூட் போதும் சம்பந்தி."

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுவும் கோட் சூட்தானே சம்பந்தி! எல்லாம் ஒரே ஜாதி!" விற்பனையாளரைப் பார்த்து, "அப்பாவே சொல்லிட்டார். மாப்பிள்ளைக்கு இதைப் போட்டுக் காட்டுங்க" என்று டக்சீடோவைத் தொட்டார்.

அந்தக் 'கோட்' எங்கிருந்து வந்தது? மகன் சூட் என்றுதான் சொல்லிக் கொடுத்தான். மேல்சட்டையும் கால்சட்டையுமாக வெள்ளைக்காரன் மாதிரி எது போட்டாலும் கோட் சூட் என்றே சொல்லிப் பழகிய வாய், தானாக ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டது. ஒரு நாள் முழுக்கத் தப்பான பாடத்தை மனப்பாடம் செய்திருக்கிறார் மனிதர்.

உடை மாற்றும் அறையிலிருந்து மகன் வந்து நின்றான். மாப்பிள்ளைக் களை வந்ததோ இல்லையோ, பழைய களை வந்துவிட்டது. அது அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்தது.

"திருப்திதானே சம்பந்தி?"

"இல்ல... அது வந்து..." என்று கையை நீட்டினார். சாம்பல் நிறச் சூட்டைத்தான் காட்ட நினைத்தார். நடுவில் மகன் நின்றதால் விரல் அவன் கையைக் காட்டியது.

"கை நீளமா சார்?" என்று விற்பனையாளர் டேப்போடு ஓடி வந்தார்.

"ஆமா" என்றார் இவர். "கை கொஞ்சம் நீளம்."

அரை அங்குலம் குறைத்தார்கள். அவர் சாதித்தது அந்த அரை அங்குலம்.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவிக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. "கடையில வாயைத் திறந்து பேசினீங்களே, யார் சொல்லிக் குடுத்தது?" என்று கிண்டினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "உங்களை மாட்டிவிட்டிருக்கக் கூடாது, விடுங்கப்பா" என்றான் மகன். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது அவருக்கு. சம்பந்திக்கு ஒரு போன் போட்டால் முடிகிற விஷயம். மூன்று வாரமும் தினம் போனை எடுத்தார், எண்ணைப் பார்த்தார், வைத்துவிட்டார்.

கல்யாணம் நடந்து முடிந்தது. அன்று சாயங்காலம் விருந்து. மண்டபம் கொள்ளாத கூட்டம். குடும்பப் படம் எடுக்கும்போது, "மூக்குக் கண்ணாடியில லைட் அடிக்குது, கழட்டிடுங்க சார்" என்று இவரிடம் சொன்னார் போட்டோக்காரர். கழற்றினார். வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று மனைவி அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு யாரையோ வழியனுப்பப் போய்விட்டாள். அவர் ஓரமாக ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். முன்னால் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை.

மேசைகளுக்கு நடுவே பரிமாறுகிறவர்களின் கறுப்புக் கோட்டுகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. கிட்டத்தில் ஒரு முதுகு வந்து நின்றது.

"தம்பி" என்று கூப்பிட்டார். "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

முதுகு ஒரு நொடி அசையவில்லை. பிறகு, "இதோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் அவர் முன்னால் ஒரு உருவம் குனிந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்தது. வலது கையில் டம்ளர்.

"இந்தாங்கப்பா."

அவர் வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டும், ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். காலி டம்ளரை வாங்கிக்கொள்ள மகன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.