தோள் எலும்பால் தோண்டிய ஊற்று

கோயமுத்தூரில் என் பம்பு செட்டுப் பட்டறைக்கு வருகிறவர்கள், எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று கேட்கிறார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஒரு துண்டு இரும்பு இல்லாமல் காய்ந்த ஓடையில் தண்ணீர் எடுத்தவன். இந்த ஜில்லாவில் வேறு யாராவது எடுத்திருந்தால் என் முன்னால் வந்து சொல்லட்டும். அதை நினைத்தால் பெருமைதான் முதலில் வர வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில், முப்பதுகளில் நடந்தது. இரண்டு வருடமாக மழை இல்லை. தாராபுரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் சேறுகூடக் காய்ந்துவிட்டது. பதினோரு மாடுகளை ஓட்டிக்கொண்டு நானும் என் மச்சானும் ஆனைமலை அடிவாரத்துக்குப் போனோம். சர்க்கார் காட்டில் மேய்க்கப் பாஸ் வாங்கியிருந்தோம். பதினோரு மாடு என்று அதில் எழுதியிருந்தது. நுழைகிற இடத்தில் காட்டுக் கார்டு நின்றான். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று மண்வெட்டியையும் கொடுவாளையும் பிடுங்கிக்கொண்டான். சரிங்க என்றோம். எங்கள் வாய் அப்படி. கழுத்தை அறுக்க வருகிறவனுக்கும் ‘ங்க’ போடும்.

நாலாம் நாள் ஓடை வறண்டது. மறுநாள் கிழட்டு மயிலைப் பசு படுத்தது, எழவில்லை. மீதிப் பத்தில் செவலைப் பசுவுக்கு நிறை மாதம். அதன் கண் உள்ளே போய்விட்டது. திரும்பி நடந்தால் வழியிலேயே விழும். அங்கேயே தண்ணீர் கண்டால்தான் அதற்கும் வயிற்றில் இருக்கிறதற்கும் உயிர்.

மச்சான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். நான் உட்காரவில்லை. வெங்கச்சங்கல் ஒன்றை இன்னொன்றின்மேல் ஓங்கிப் போட்டு உடைத்தேன். கத்தி போலச் சில்லு தெறித்தது. அதை வைத்து மூங்கிலைச் சுற்றிலும் கீறி ஒடித்து, கணுவோடு பிளந்து, மண் அள்ளும் அகப்பை செய்தேன். விழுந்து கிடந்த உசிலைக் கட்டையின் நுனியைத் தணலில் காட்டுவேன், கருகியதைப் பாறையில் தேய்ப்பேன், மறுபடியும் காட்டுவேன். பொழுது சாய்வதற்குள் கடப்பாரை மாதிரி ஆகிவிட்டது. ஆத்தி நாரைத் திரித்துக் கயிறும் ஆயிற்று. எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஓடை மணலில் இடுப்பளவு தோண்டியதும் கலங்கலாக ஊறியது. செவலைக்குத்தான் முதலில் பாறைக் குழியில் ஊற்றினேன். உறிஞ்சிக் குடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் கார்டு வந்தான். எங்கள் ஊற்றில் குனிந்து வயிறு நிறையக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, இந்தக் கட்டை ஏது என்றான். கீழே கிடந்ததுங்க என்றேன்.

“கெடந்தாலும் சர்க்கார் கட்டைதான்டா. மூங்கில், நாரு எல்லாம் சர்க்கார் சொத்து.”

“அப்ப இப்பக் குடிச்ச தண்ணி யாருதுங்க?” என்றான் மச்சான்.

அவன் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. நான் செய்த அத்தனையையும் கட்டித் தூக்கிக்கொண்டு போனான், என் கயிற்றாலேயே கட்டி. அப்போதும் நான் சரிங்க என்றுதான் சொன்னேன். அந்த ‘ங்க’வை நினைத்து இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மணல் ஊற்று ஒரு ராத்திரியில் தூர்ந்துவிடும். தினமும் தோண்ட வேண்டும். விடிந்து பார்த்தால் குழி மூடிக் கிடந்தது. செவலை அதன் பக்கத்தில் போய் நின்று மணலை நக்கியது. கையால் பறித்தேன். அடியில் சரளை. நகம் பிய்ந்தது.

எதிர்க்கரையில் மயிலை கிடந்த இடத்தைப் பார்த்தேன். கழுகுகள் சுத்தமாகத் தின்று முடித்திருந்தன. தோள் எலும்பு அகலமாக, வெள்ளையாக, மண்வெட்டித் தகடு போலவே கிடந்தது.

மச்சான் கையைப் பிடித்துக்கொண்டான். செத்த மாட்டைத் தொடுகிற வேலையை எங்கள் ஆட்கள் ஊருக்கு வெளியே இருந்த தெருவுக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். நாம் தொட்டால் ஊட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள் என்றான். நீ தள்ளி நில்லுடா என்று சொல்லி எடுத்தேன். என் வேட்டி ஓரத்தைக் கிழித்துப் பிடிக்குச் சுற்றினேன். மண் அள்ள எலும்பு, தண்ணீர் மொள்ளக் கொம்பு. மத்தியானத்துக்குள் செவலை குடித்தது.

கார்டு மறுபடியும் வந்தான். என்னடா இது என்றான்.

“எங்க மாடுங்க,” என்றேன். “பாசுல பதினோரு மாடுன்னு நீங்கதானுங்க எண்ணி உட்டீங்க. அதுல ஒண்ணுங்க.”

எலும்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான். அவனும் அதைத் தொட மாட்டான் என்று எனக்குத் தெரியும்.

ஊற்றோரத்திலேயே செவலை கன்று போட்டது. மழை விழுந்ததும் திரும்பினோம். பதினொன்று போய்ப் பதினொன்று திரும்பியிருந்தன. மச்சான் எனக்கு முன்னால் ஓடி எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். என்னைப் பெற்ற அய்யன் வாசலில் நின்று மாடுகளை மட்டும் உள்ளே விட்டார்.

“நீ கட்டுத்தரைப் பக்கம் வராத. செத்த மாட்டத் தொட்ட கை.”

“அந்தக் கை தோண்டுன தண்ணியத்தானுங்க இதுக குடிச்சுது.”

“அது மாடு. குடிச்சுப்போட்டுப் போவுது.”

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கையில் தரவில்லை. கையை ஏந்தச் சொல்லி, தள்ளி நின்று, மேலேயிருந்து ஊற்றினாள். ஊருக்கு வெளியே இருந்த தெரு ஆட்களுக்கு எங்கள் வாசலில் அப்படித்தான் ஊற்றுவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கையை விரித்துவிட்டேன். தண்ணீர் மண்ணில் போயிற்று. அப்படியே நடந்தவன்தான், கோயமுத்தூரில் வந்து நின்றேன்.

இன்றைக்கு அந்தத் தோட்டத்துக் கிணற்றில் ஓடுகிறது என் பம்பு செட்டு. அய்யனுக்குப் பிறகு தோட்டத்தைப் பார்க்கிற மச்சான்தான் வந்து கேட்டு வாங்கிப் போனான். பூட்டிக்கொடுக்க நானே போனேன். தொட்டி நிரம்பி வாய்க்காலில் பாய்ந்தது. மச்சான் பித்தளைச் சொம்பை நிறைய மொண்டு, இரண்டு கையாலும் நீட்டினான். நான் வாங்கவில்லை.